ஆடு கடிக்காத பிச்சிக்கொடி

மெர்சிக்கு,

பிச்சிக்கொடி வளர்க்கிற முறையை ஒரு தாளில் எழுதிக் கொடு என்று போன வாரம் கேட்டாய். கல்யாணப் பெண் கேட்டதைத் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கே பேனாவோடு உட்கார்ந்தேன். "நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டு" என்று முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரி வரவில்லை. நம் கொடியைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால் எட்டரை வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அதை நேரில் சொல்லலாம் என்று இரண்டு நாள் உன் பின்னாலேயே நடந்தேன். வீடு முழுக்க ஆட்கள். அடுப்படியில் உன் சித்தி, முன்னறையில் உன் மாமாக்கள், கொல்லையில் பந்தல் போடுகிறவர்கள். உன்னைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக்கு உன் மாமியார் கையில் இது கிடைத்தாலும், பின்னால் உன் பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. மறைத்து வைத்தது போதும்.

பயப்படாதே, இது அழுகைக் கதை இல்லை. இந்தக் கதையில் கடைசியில் எல்லோரும் ஜெயித்தோம். நான்கூட.

அந்தக் கொடி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னை ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தாய். ஒரு சாயங்காலம் உன் சோற்று டப்பாவைக் கழுவத் திறந்தால் உள்ளே ஈரத் துணியில் சுற்றிய மூன்று குச்சிகள். "ஏட்டி, சோத்து டப்பாவுல என்னது இது?" என்று கத்தினேன். "பிச்சிம்மா. சாந்தி வீட்டுல ஒடிச்சுக் குடுத்தாவ. இது பூத்தா தெருவே மணக்குமாம்" என்றாய். மூன்றையும் ஊன்றினோம். இரண்டு கருகிப் போயின. ஒன்று மட்டும் ஒன்றரை மாதம் சும்மா நின்றுவிட்டு, ஒரு நாள் கணுவில் பச்சையாகக் கண் விழித்தது.

அதற்கு நான் செய்த முதல் கெடுதல் அது நின்ற இடம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வீணாகப் போகிறதே என்று சாக்கடை மூலையில் ஊன்றச் சொன்னது நான்தான். சோப்புத் தண்ணீரும் சோற்றுக் கஞ்சியும் தேங்கித் தேங்கி இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உன் அப்பா ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு, "வேர் அழுகுது. தண்ணிய ஊத்துனா மட்டும் போதுமா, வடிய வேண்டாமா?" என்றார். வேரோடு மண்ணைச் சேர்த்து எடுத்து, சீதம்மாக்கா வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவர் ஓரம், கிழக்கு வெயில் அடிக்கிற இடத்தில் மாற்றி வைத்தார். அதற்குப் பிறகுதான் அது தலை தூக்கியது. எனவே நீ வைக்கப் போகிற இடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் வருகிற வழியை இல்லை, போகிற வழியை.

இரண்டு வருஷத்தில் அது சுவரை மூடியது. பந்தல் வேண்டும் என்று நீ நச்சரித்தாய். உன் அப்பா மூங்கில் கட்டிப் பந்தல் போட்டார். ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி வந்து ஒரே வீச்சில் அதைச் சாய்த்துவிட்டது. மறுபடியும் போட்டார். இந்த முறை நான்கு மூலையிலும் கல் ஊன்றி, கம்பியால் இழுத்துக் கட்டினார். கொடி அதன் மேல் மெத்தை போலப் படர்ந்தது. ஆனால் பூ? மூன்று வருஷத்துப் பூவையும் சேர்த்தால் என் கொண்டைக்கு ஒரு தரம் வைக்கக் காணாது. இலை, இலை, அம்புட்டும் இலை. நீயும் விடவில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது ஒரு பார்வை, வந்ததும் பையைப் போடுமுன் ஒரு பார்வை. "மொட்டு வச்சிருக்காப்பா?" என்று கேட்பாய். "வைக்கும், வைக்கும். அதுக்கு இன்னும் மனசு வரல" என்பார் அவர்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், உன் அப்பா வேலை பார்த்த மில்லைச் சம்பளத் தகராறில் அடைத்துவிட்டார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று ஏழு மாதம் போனது. நான் பேண்டேஜ் துணி சுற்றுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். காலை ஏழரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை சுற்ற வேண்டும். துணித் தூசி மூக்கிலும் தொண்டையிலும் ஒட்டி, வீட்டுக்கு வந்து இருமிக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைப்பேன். அப்போது கொல்லையிலிருந்து உங்கள் இரண்டு பேர் சிரிப்புச் சத்தம் கேட்கும். பந்தலுக்கு அடியில் உன் அப்பா உனக்குக் கணக்குச் சொல்லித் தருவார், இல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து ஒரு தளிரைக் கம்பியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இருப்பீர்கள். நான் வந்தது தெரிந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். அந்த அடங்கல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை இல்லாத மனுஷனுக்குச் சந்தோஷம் இருக்கிறது, வேலைக்குப் போய் வருகிறவளுக்கு இல்லை, நான் வந்தால் இருக்கிற சந்தோஷமும் போகிறது என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முதல் தப்பு அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நீ போகிற வீட்டில் மனது வெந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடு. பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை ஏமாற்றிவிட்டது. குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் வரிசையில் நின்று எட்டுக் குடம் பிடித்து வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை கம்பெனியில் இருக்கும்போதே எனக்குக் குளிர்காய்ச்சல். மத்தியானம் அனுப்பிவிட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கஞ்சி வைத்துப் படுக்கலாம் என்று வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. நீ கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போயிருந்தாய். உன் அப்பா மில் வாசலில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தார். எட்டுக் குடத்தில் மூன்று குடம் காலியாகக் கொடியடியில் கிடந்தன. மண் இன்னும் ஈரமாக இருந்தது.

அரிவாளை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் கையால் இழுத்துப் பார்த்தேன், பந்தலை விட்டு வரவில்லை. பிறகு குனிந்து, முழங்கால் உயரத்தில், ஒவ்வொரு தண்டாக வெட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை. பந்தல் மேல் கிடந்ததை வாரிச் சுருட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். சுவரோரம் கட்டியிருந்த சீதம்மாக்காவின் வெள்ளாடு அதை ஆசை ஆசையாகத் தின்றது. எனக்கு அப்போது பொய் சொல்கிற எண்ணம் இல்லை, மெர்சி. பொய்யை அந்த ஆடுதான் எனக்கு எடுத்துக் கொடுத்தது.

நீ வந்தாய். பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கொல்லைக்குப் போனாய். பாட்டு நின்றது. பிறகு நீ அழுத அழுகையைக் கேட்டு நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். "யாரும்மா? யாரு செஞ்சா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சீதம்மாக்கா ஆடு கடிச்சிருச்சு" என்று வந்தது.

சுவரில் இடிந்த பகுதி ஒன்று இருந்தது, ஆடு தாண்டி வரக்கூடிய உயரம்தான். நீ நம்பிவிட்டாய். அதே வேகத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடினாய். ரேஷன் கடைக்குப் போயிருந்த சீதம்மாக்கா அப்போதுதான் பையை இறக்கி வைத்துக்கொண்டு இருந்தார். "ஒரு ஆட்டக் கட்டி வைக்கத் தெரியாதா ஒங்களுக்கு? இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க!" என்று நீ கத்தியது எனக்குக் கேட்டது. உன் பிஞ்சு வயதில் உன்னைக் குளிப்பாட்டி, நான் பிரசவத்தில் கிடந்த காலத்தில் எனக்குச் சோறு பொங்கிப் போட்ட மனுஷி. சன்னல் வழியாகப் பார்த்தேன், ஆட்டின் வாயில் இன்னும் பிச்சித் தழை தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், தன் வீட்டுத் தெலுங்கில் அம்மாயி, பெண்ணே, என்று எப்போதும் கூப்பிடுகிற உன்னைப் பார்த்தார். "அய்யோ தேவுடா! கட்டிட்டுத்தான போனேன்... கயிறு நீளமாப் போயி அங்கிட்டுத் தாண்டிருக்கு போல. அழாத அம்மாயி, அழாத. என் மேலதான் தப்பு" என்றார். செய்யாத தப்பை ஒருவர் அப்படி வாங்கிக்கொள்வதை அன்றுதான் கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் நாள் அவர் அந்த ஆட்டைச் செட்டியார்பட்டியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சினை ஆடு அது. "பிள்ள மனசு நொந்துட்டா. இனி அது இங்க வேண்டாம்" என்று என்னிடமே வந்து சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அன்று சாயங்காலம் வந்து கொடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெட்டுப்பட்ட தண்டு ஒவ்வொன்றின் நுனியிலும் கட்டைவிரலை வைத்துத் தடவினார். எல்லாம் சாய்வாக, வழவழவென்று இருந்தன. ஆடு கடித்தால் நார் நாராகக் கிழிந்திருக்கும். திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். மறுநாள் காலை சைக்கிள் கேரியரில் கண்மாய் அடியில் படிந்த கரம்பை மண்ணை ஒரு சாக்கு கொண்டு வந்தார். அடியைக் கொத்திவிட்டு, மக்கின சாணியையும் கரம்பையையும் கலந்து போட்டார். பக்கத்தில் வந்து பார்த்த என்னிடம், தலையை நிமிராமலே, "வெட்டுனது வெட்டியாச்சு. இனிமே வளக்கணும்லா?" என்றார். கடித்தது என்று சொல்லவில்லை, வெட்டினது என்றார். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது கிடையாது. குடத்துத் தண்ணீரைக் கொடிக்கு ஊற்றியது தான்தான், பிள்ளை இல்லை என்று மட்டும் இரண்டு நாள் கழித்து அவராகச் சொன்னார். அன்றிலிருந்து குழாய் வரிசையில் நின்றதும் அவர்தான்.

தை பிறந்தது. ஒரு காலையில் நீ அடுப்படிக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "அம்மா, இங்க பாரு! செவப்பாத் துளிர் விட்டுருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல!" கணுவுக்குக் கணு செம்பு நிறத்தில் முளை. மாசியில் அது பந்தலைத் தொட்டது. பங்குனியில் பழையபடி மூடிவிட்டது. ஆனால் இந்தத் தடவை கொடி மெலிசாக, நீளமாக, நுனிதோறும் ஏதோ அவசரத்தில் இருப்பது போல ஓடியது. வைகாசிக் கடைசியில் முதல் மொட்டுக் கொத்து. ஆனியில் ஒரு நாள் சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வரும்போது தெரு முனையிலேயே மணம் வந்தது. அது நம் வீட்டு மணம் என்று எனக்குத் தெரியவில்லை. வாசலுக்கு வந்துதான் தெரிந்தது. கொல்லையில் பந்தல் வெள்ளையாக நின்றது. வெளிப்புறம் லேசாக ரோஸ் சாயம் தடவின மாதிரி மொட்டுகள், நூறா ஆயிரமா என்று சொல்ல முடியாது. நீயும் உன் அப்பாவும் அண்ணாந்து நின்றீர்கள். நான் வந்ததும் இந்த முறை சிரிப்பு அடங்கவில்லை. "வாம்மா, வா, சீக்கிரம் வா!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டீர்கள். காலில் செருப்பைக் கழற்றாமலே ஓடி வந்தேன்.

ஏன் அப்படிப் பூத்தது என்று அடுத்த வாரமே தெரிந்துபோனது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு இருமலுக்கு மருந்து வாங்கப் போன பஸ்ஸில், பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுந்தரபாண்டியத்தில் அரை ஏக்கர் பிச்சி போட்டிருக்கிறாளாம். நம் கொடியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "மார்கழில வெட்டி விட்டீகளா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் கேக்கிய?" என்றேன். "பிச்சிய வருசத்துக்கு ஒருக்கா மார்கழி, தையில முழங்கால் ஒசரத்துக்கு வெட்டி விடணும்க்கா. பழைய தண்டுல பூக்காது, புதுசா வருதுல்ல, அதுலதான் பூக்கும். வெட்டாட்டி நீங்க எம்புட்டு உரம் போட்டாலும் எலதான்" என்றாள். மூன்று வருஷம் நாம் மூன்று பேரும் அந்தக் கொடியைத் தொடாமல் கும்பிட்டுக்கொண்டு இருந்தோம். அதற்கு வேண்டியிருந்தது ஒரு வெட்டு.

மெர்சி, இந்த இடத்தில் நிறுத்திப் படி. இதிலிருந்து தப்பான பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். கோபத்தில் செய்தாலும் நல்லதுதான் நடக்கும், அடித்து வளர்த்தால்தான் பிள்ளை பூக்கும் என்றெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நம்பாதே. நான் வெட்டியது மார்கழி என்பதால் கொடி பிழைத்தது, சித்திரை வெயிலாக இருந்தால் பட்டுப் போயிருக்கும். மாதம் எனக்குத் தெரியாது, அது என் அதிர்ஷ்டம். வெட்டின பிறகு கரம்பை கொண்டு வந்து போட்ட மனுஷன் வீட்டில் இருந்தார், அது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். செடியை வெட்டுகிறவன் அது துளிர்க்க வேண்டும் என்று நினைத்து வெட்டுகிறான். நான் அது சாக வேண்டும் என்று நினைத்து வெட்டினேன். கை ஒன்றுதான், அரிவாள் ஒன்றுதான், ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளையைக் கண்டிக்க வேண்டி வரும். அப்போது உன் மனதில் எது இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்.

பூ பூக்கப் பூக்க எனக்குச் சந்தோஷமும் வந்தது, மனதில் உறுத்தலும் வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் நீ பூக் கொண்டுபோய்க் கொடுத்தாய், சீதம்மாக்கா வீட்டைத் தவிர. ஆறு மாதமாக அவரோடு நீ பேசவில்லை. அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா பூத்திருக்கு, நல்லா பூத்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஆவணியில் அவர் மகள் பத்மாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து இறங்கிவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். சீதம்மாக்கா நம் வாசலில் வந்து நின்றார், முகம் வெளுத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூவுக்குச் சொல்லி வைத்திருந்த பூக்காரர் தேதியை ஒரு நாள் தள்ளி எழுதிக்கொண்டாராம். மறுநாள் பெரிய முகூர்த்த நாள் வேறு, ஊரில் ஒரு கடையிலும் பூ இல்லை. உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனார். போவதற்கு முன் கொல்லையைக் காட்டி, "நீங்க இங்க ஆரம்பிங்க" என்றார். சீதம்மாக்கா தயங்கி நின்றார். "வேண்டாம்ங்க. அந்தக் கொடியில எனக்குப் பறிக்க எப்படிங்க கை வரும்? என் ஆடு தின்னு அழிச்சது" என்றார்.

இதற்கு மேல் நான் எப்படிப் பேசாமல் இருப்பது? அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனேன். "அக்கா, ஒங்க ஆடு ஒரு இலையக்கூடத் தானாக் கடிக்கல. நான்தான் வெட்டுனேன். வெட்டி, ஒங்க ஆட்டுக்குப் போட்டுட்டு, அது மேல பழியப் போட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமாக நான் எதையும் பேசியதில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எட்டு மாசமா ராத்திரி பகலா யோசிக்கேன், நான் கட்டுன கயிறு அந்தக் கொடி வரைக்கும் எப்படி எட்டுச்சுன்னு! அந்தக் கயிறு அம்புட்டுத் தூரம் எட்டாதுன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட சண்டையே போட்டேன். நான் சொன்னது சரிதானா?" என்றார். "சரிதான்க்கா" என்றேன். அப்போதுதான் அவர் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மாயி என்னப் பேசுனதுதான் வலிச்சுது. ஒங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். இருக்கு. இருந்துட்டுப் போவட்டும். இப்ப பறிப்போம், வாங்க."

அன்று தெருவே நம் கொல்லைக்கு வந்தது. ஸ்டூல், ஏணி, கவிழ்த்த உரல் என்று கிடைத்ததன் மேலெல்லாம் ஏறி நின்று பெண்கள் மொட்டுப் பறித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ சீதம்மாக்காவைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாய். அவர், "வா அம்மாயி, மேல் கொத்து எனக்கு எட்டல" என்றார், நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து பேசுவது போல. நீ பையை எறிந்துவிட்டு ஏறினாய். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூடை நிறைத்தீர்கள். இருட்டுமுன் உன் அப்பா இரண்டு ரோஜா மாலையை மட்டும் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாலைக்கு அது போதும். பத்மாவின் சடைக்கும், வந்த பெண்கள் அத்தனை பேர் தலைக்கும் நம் பிச்சிதான். மறுநாள் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "இது எந்தக் கடைப் பூ? இம்புட்டு வாசனையா இருக்கே" என்று கேட்டதும், சீதம்மாக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கடைப் பூவா? எங்க வீட்டுப் பூ" என்றார். எங்கள் வீடு என்று சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். எனக்கு அன்று கிடைத்தது போல ஒரு மரியாதை பிறகு எந்த மேடையிலும் எவருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்த வாரம் ஆடு செட்டியார்பட்டியிலிருந்து திரும்பி வந்தது, பின்னால் துள்ளிக்கொண்டு இரண்டு குட்டிகளோடு. உன் அப்பா மில்லும் அதற்கு முந்தியே திறந்துவிட்டது. உன்னிடம் மட்டும் நான் சொல்லவில்லை. சீதம்மாக்கா ஒரு முறை கேட்டார், "பிள்ளைட்ட சொல்லிட்டீங்களா?" என்று. இல்லை என்றேன். "என்னால அது தெரிய வேண்டாம். நீங்களே சொல்லுங்க, சொல்ல முடியும்போது" என்றார். இத்தனை வருஷம் அவர் வாயைத் திறக்கவில்லை. நீ அவரிடம் அன்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய காரணமும் உனக்குத் தெரியாது. அந்தக் காரணத்தை உன்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது நான். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தாய் மகளிடம் கேட்கலாமா என்று யாராவது சொன்னால், கேட்கலாம் என்று என் பெயரைச் சொல்லிச் சொல்.

இனி நீ கேட்டது. பென்சில் கனமுள்ள தண்டாகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்று. வேர் பிடிக்க ஒன்றரை மாதம் ஆகும், பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதே. சென்னையில் உங்களுக்கு மொட்டை மாடிதான் என்று மாப்பிள்ளை சொன்னார். பெரிய டிரம்மாக வாங்கி அடியில் நாலு ஓட்டை போடு. செம்மண்ணும் சாணியும் சரிபாதி. மொட்டில் ஓட்டை விழுந்து ஊதா நிறமாகத் திரும்பினால் உள்ளே புழு இருக்கிறது, அந்த மொட்டுகளைக் கிள்ளி எரித்துவிடு, வேப்பம் பிண்ணாக்கை ஊற வைத்துத் தெளி. நாலு மணிக்கு மேல் மொட்டு தடித்து நிற்கும்போது பறி, விரிந்த பிறகு பறித்தால் தொடுக்க நிற்காது. மார்கழியில் வெட்டு. முதல் வருஷம் வெட்ட உனக்கு மனது வராது. வந்தாக வேண்டும். வெட்டுகிற அன்று காய்ச்சல் இல்லாமல், கோபம் இல்லாமல், சாப்பிட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நின்று வெட்டு. அன்றைக்கே உரம் போடு.

நம் கொடியிலிருந்து குச்சி வாங்கிப் போய் வைத்ததில் இன்று நம் தெருவில் ஒன்பது வீட்டுக் கொல்லையில் பிச்சிப் பந்தல் நிற்கிறது. உன் கல்யாணத்துக்குப் பூவுக்கு எந்தக் கடையிலும் நான் சொல்லவில்லை. உன் அப்பா சொல்லலாம் என்றார், ஒன்பது வீட்டுப் பெண்களும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாப் பந்தலிலும் பறிக்கத் தொடங்குகிறார்கள். நாளைக்குக் கோயிலுக்குள் நீ நடந்து வரும்போது உன் தலையில் இருப்பது ஒரு தெருவின் பூ. எந்த ஊர் ராணிக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்காது.

இதைப் படித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போ. சீதம்மாக்கா தன் பந்தலுக்கு அடியில் கூடையைத் துடைத்துக்கொண்டு இருப்பார். என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன், அது உன் வார்த்தையாக இருக்கட்டும். பேசி முடித்துவிட்டு அப்படியே அவரோடு ஏணியைப் பிடித்துக்கொள். அவருக்கு இப்போது முழங்கால் வலி, மேல் கொத்தை நீதான் பறித்துக் கொடுக்க வேண்டும்.

உன் அம்மா